அத்தியாயம் 7: மாணவர் எழுத, நூலகம் பதில் சொல்ல

கல்லூரி நூலகத்தின் இணையப் பக்கத்தில் ஒரு மாணவி என்ன செய்ய முடியும்? புத்தகம் இருக்கிறதா என்று தேடலாம். இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுக்குக்குப் போவார். இல்லையென்றால் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். எதைத் தேடி வந்தார், எந்தப் பாடத்துக்காகத் தேடினார், கிடைக்காததால் யாரிடம் போனார் என்பதெல்லாம் நூலகத்துக்குத் தெரிவதே இல்லை. அந்த மாணவியிடமிருந்து நூலகத்துக்கு ஒரு வழி போடுவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

அமெரிக்க நூலகர் மைக்கேல் கேசி 2005இல் 'நூலகம் 2.0' என்ற பெயரை முன்வைத்தார். வாசகரே நூலகச் சேவையை வடிவமைப்பதில் பங்கு பெற வேண்டும் என்பது அதன் சாரம். அதன்பின் உலகெங்கும் நூலகங்கள் வலைப்பூ, விக்கி, குறிச்சொல், அரட்டைப் பெட்டி என்று ஒரே மூச்சில் பலவற்றைத் திறந்தன. அவற்றில் பல வாடிப்போனதற்குத் தொழில்நுட்பக் கோளாறு காரணமில்லை. எழுதிய வாசகருக்குப் பதில் வரவில்லை. அடுத்த முறை அவர் எழுதவில்லை. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: மாணவர் எதை எழுதினாலும் இரண்டு வேலைநாளுக்குள் நூலகத்திலிருந்து ஒரு பதில் போக வேண்டும். அந்த உறுதியைத் தர முடியாத எந்த வசதியையும் திறக்காதீர்கள். ஒன்றைத் திறந்து அதை உயிரோடு வைத்திருப்பது போதும்.

உதாரணங்களுக்குக் கோஹா மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. உரிமக் கட்டணம் கிடையாது. நம் கல்லூரிகள் பலவற்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. வாசகர் எழுதுவதற்கான வசதிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. பல இடங்களில் அவை அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். உங்கள் நூலகத்தில் இன்ஃப்ளிப்நெட்டின் சோல் போன்ற வேறு மென்பொருள் இருந்தால், இங்கே சொல்வதில் பாதியை ஒரு கூகுள் படிவத்தாலும் செய்துவிடலாம்.

முதலில் தமிழில் தேட முடிகிறதா?

ஊடாடும் வசதி எதையும் தொடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். நூலகத் தேடல் பக்கத்தைக் கைபேசியில் திறந்து மௌனி என்று தேடுங்கள். பிறகு அதையே 'மெ' எழுதி, ஒரு 'ள' தட்டி, 'னி' சேர்த்துத் தேடுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். பட்டியலில் நூலைப் பதிந்தவர் ஒரு வகையில் தட்டியிருப்பார், தேடுபவர் மற்றொரு வகையில் தட்டுவார். நூல் அடுக்கில் இருக்கும். திரையோ இல்லை என்று சொல்லும். ஸ்ரீ என்ற எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. 'ஸ' கொண்டும் அதைத் தட்டலாம், பிற்பாடு 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' கொண்டும் தட்டலாம். திரையில் வேறுபாடே தெரியாது. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' தட்டப்பட்ட பதிவுகள் பழைய தரவுகளில் ஏராளம். புதுமைப்பித்தன் ஓரிடத்தில் ஒற்றோடும் இன்னோரிடத்தில் ஒற்றில்லாமலும் இருப்பார்.

இவற்றை மூன்று படிகளில் சரிசெய்யலாம். பட்டியல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இதற்கு உண்டு. மாற்றியபின் நூறு பதிவுகளையாவது கண்ணால் சரிபாருங்கள், ஏனெனில் ஆங்கிலத் தலைப்புகளும் சேர்ந்து உருமாறியிருக்கும். இரண்டாவதாக, கோஹாவின் ஸீப்ரா தேடுபொறி தமிழ்ச் சொற்களைச் சரியாகப் பிரித்து அட்டவணைப்படுத்த ஐ.சி.யு. என்ற அமைப்பில் இருக்க வேண்டும். நிறுவித் தந்தவரிடம் 'ஐ.சி.யு. போட்டிருக்கிறதா?' என்று கேளுங்கள், அவருக்குப் புரியும். மூன்றாவது வேலை நூலகருடையது. நம் மாணவர்களில் பலர் கைபேசியில் தமிழையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். எனவே அதிகம் கேட்கப்படும் நூல்களுக்கு மார்க் 21 பதிவின் 246ஆம் புலத்தில் தலைப்பின் ஆங்கில எழுத்து வடிவத்தையும், பிழையாகத் தட்டப்படும் வடிவத்தையும் சேருங்கள். ஆசிரியர் பெயருக்கு ஆணைக்கோப்பில் 400ஆம் புலம் இருக்கிறது. தி. ஜானகிராமன், ஜானகிராமன் தி., தி.ஜா. ஆகிய மூன்றும் ஒரே ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாத நூலகத்தில் மேற்கொண்டு எதைத் திறந்தாலும் அது வீண். தேடியது கிடைக்காத பக்கத்துக்கு யாரும் திரும்பி வருவதில்லை. எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு மாணவர்களே விடை தருவார்கள். தேடும் கணினியின் அருகில் ஒரு நோட்டை நூல் கட்டித் தொங்கவிட்டு, 'தேடிக் கிடைக்காததை இங்கே எழுதுங்கள்' என்று ஒட்டுங்கள். ஒரு மாதத்தில் அது உங்கள் திருத்தப் பட்டியலாகிவிடும். நோட்டைப் புரட்டும்போது, அதில் உள்ள பல நூல்கள் உங்களிடம் இருப்பதைக் காண்பீர்கள். உள்நுழைந்து தேடுபவர்களின் தேடல்களைக் கோஹாவும் சேமிக்கும். அதிலிருந்து வெறுமையாக முடிந்த தேடல்களை மட்டும் எடுக்க அறிக்கை எழுதிக்கொள்ளலாம். எடுக்கும்போது உறுப்பினர் எண்ணை நீக்கிவிட்டு எடுங்கள்.

பரிந்துரைப் படிவம்: இங்கிருந்து தொடங்குங்கள்

ஒரே ஒரு வசதியைத்தான் திறக்க முடியும் என்றால் நான் தயங்காமல் சொல்வது கொள்முதல் பரிந்துரைதான். கோஹாவில் இதைத் திறந்துவிட்டால், தேடல் வெறுமையாக முடியும் அதே பக்கத்தில் 'வாங்கப் பரிந்துரை செய்க' என்ற இணைப்பு வந்து நிற்கும். ஏமாந்த அந்தக் கணத்திலேயே மாணவரின் தேவையைப் பிடித்துவிடலாம். அவர் தலைப்பையும் ஆசிரியரையும் எழுதி அனுப்புவார். நூலகர் தன் திரையில் அதை ஏற்கலாம், மறுக்கலாம், ஆணை அனுப்பியதாகக் குறிக்கலாம், வந்துவிட்டதாகக் குறிக்கலாம். ஒவ்வொரு நிலை மாற்றத்துக்கும் மாணவருக்கு மின்னஞ்சல் போகும்படி அமைக்க முடியும்.

இதில் உயிரான பகுதி மறுப்பு. மறுக்கும்போது காரணம் எழுத ஓர் இடம் இருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள். 'நிதி இல்லை' என்று மட்டும் எழுதுவதைவிட, 'இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது, ஜூன் மாதப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்' என்று எழுதுங்கள். 'இந்த நூலின் பழைய பதிப்பு நம்மிடம் இருக்கிறது, நீங்கள் கேட்ட அத்தியாயம் அதிலும் உண்டு' என்று எழுத முடிந்தால் அது வாங்கித் தருவதற்குச் சமம். கேட்ட நூல் நாட்டுடைமையாக்கப்பட்டதாக இருந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். பழைய இலக்கியமாக இருந்தால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இருக்கலாம். ஈழத்து எழுத்தென்றால் 2005இலிருந்து இயங்கும் நூலகம் திட்டம் முதல் இடம். அங்கே கிடைத்தால் மாணவருக்கு இணைப்பை அனுப்புவதோடு நிற்காமல், பட்டியலில் ஒரு பதிவு போட்டு 856ஆம் புலத்தில் அந்த இணைப்பைச் சேருங்கள். அடுத்துத் தேடுபவருக்கு நூல் 'இருக்கும்'.

கல்லூரிகளில் வாங்கும் பட்டியல் துறைத் தலைவர்களிடமிருந்து வருவதுதான் வழக்கம். மாணவர் கேட்ட நூல் அதில் இடம்பெற யாராவது பேச வேண்டும். நூலகக் குழுக் கூட்டத்தில், ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு சிறு பங்கை மாணவர் பரிந்துரைக்கென்று ஒதுக்கும் தீர்மானத்தை வையுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும். அந்தத் தலைப்பு வரவு செலவில் இருப்பதே, படிவத்தை வெறும் அலங்காரமாகிவிடாமல் காப்பாற்றும். ஒவ்வொரு மாதமும் வந்த பரிந்துரைகளையும் அவற்றுக்கான முடிவுகளையும் பெயர் இல்லாமல் அச்சடித்து, கொடுத்து வாங்கும் கவுன்டரில் ஒட்டுங்கள். ஒரே மாணவர் ஐம்பது நூல்களை அனுப்பிவிடுவார் என்ற அச்சம் இருந்தால், ஒருவருக்கு இத்தனை என்று உச்சவரம்பு வைக்கவும் கோஹாவில் வழி உண்டு.

வாசகர் கருத்து

நூல் பதிவின் கீழே மாணவர் தன் கருத்தை எழுதலாம் என்றதும் நிர்வாகத்திடமிருந்து வரும் முதல் கேள்வி, 'கண்டதை எழுதிவிட்டால்?' என்பதுதான். எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்களை அடுக்குகளுக்கு உள்ளேயே அனுமதித்த காலத்திலும், புத்தகம் தொலையும், கலையும் என்ற இதே வகை அச்சம்தான் எழுந்தது. திறந்த அடுக்கை இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை. தவிர, கோஹாவில் எந்தக் கருத்தும் நூலகர் பார்த்து ஒப்புதல் தராமல் திரையில் வராது. இதை முதல்வரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஒப்புதலுக்கான விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பொதுவான மாதிரி விதிகளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், நம் ஊரில் எது வரும் என்று யோசித்து எழுதுங்கள். சாதிப் பெருமையும் சாதி இழிவும் வரும். வரலாற்று நூல்களின் கீழேயும் சமூக நாவல்களின் கீழேயும் அதிகம் வரும். படமான நாவல் என்றால் நடிகர்களின் ரசிகர் சண்டை வரும். பாடநூலின் கீழே அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியரைப் பற்றி வரும். மூன்றும் கூடாது என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அதே பக்கத்தில் எது கூடும் என்பதும் இருக்க வேண்டும்: நூல் பிடிக்கவில்லை என்று எழுதலாம், மொழிபெயர்ப்பு மோசம் என்று எழுதலாம், ஆசிரியர்கள் பாராட்டும் நூலை மறுத்தும் எழுதலாம். குறை சொல்லும் கருத்துகளை நீக்கிவிட்டால் மிச்சமிருப்பதை யாரும் நம்ப மாட்டார்கள். நூலகர் விடுப்பில் போகும்போது ஒப்புதல் தருவது யார் என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும். முதல்வரின் கையெழுத்தோடு அதைக் கோப்பில் வையுங்கள்.

'புத்தக விமர்சனம் எழுதுக' என்று கேட்டால் பின்னட்டை வாசகம்தான் வரும், அல்லது இணையத்திலிருந்து எடுத்தது வரும். குறிப்பான கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்த மனம் வந்தது? யாரிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுப்பீர்கள், ஏன்? இரண்டாம் செமஸ்டர் தேர்வுக்கு எந்த அத்தியாயம் உதவியது, எது உதவவில்லை? மூன்று வரி போதும் என்று சொல்லுங்கள். ஓர் இயற்பியல் மாணவர், 'எட்டாம் அத்தியாயத்தைப் படிக்குமுன் ஐந்தாவதைப் படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் புரியாது' என்று எழுதினால், அது அடுத்த ஆண்டு மாணவருக்கு எந்த விமர்சனத்தைவிடவும் பயன்படும்.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். கருத்தோடு எழுதியவரின் முழுப்பெயரைக் காட்டலாமா, முதல் பெயர் மட்டுமா, பயனர் பெயரா, எதுவும் வேண்டாமா என்று கோஹா கேட்கும். பயனர் பெயரையோ 'வேண்டாம்' என்பதையோ தேர்ந்தெடுங்கள். படம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். கல்லூரியின் தேடல் பக்கம் உலகுக்கே திறந்திருக்கும். ஒரு பெண்ணின் முழுப்பெயரும் அவர் எந்தக் கல்லூரியில் என்ன படிக்கிறார் என்பதும் தேடுபொறியில் கிடைக்க நாம் காரணமாக இருக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. கல்லூரி முதலாண்டு மாணவர்களில் பலர் 17 வயதினர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

குறிச்சொல் வசதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நூலுக்குக் குறிச்சொல் இடும்போதுதான் அதில் ஒழுங்கு பிறக்கும். சில ஆயிரம் நூல்களும் சில நூறு மாணவர்களும் உள்ள நூலகத்தில் அது உதிரிச் சொற்களின் குவியலாகவே நின்றுவிடும். பாடவாரியாக நூல்களைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், பாடத்துக்கென நூல்களை ஒதுக்கிக் காட்டும் பகுதி கோஹாவிலேயே இருக்கிறது. ஆசிரியரோடு உட்கார்ந்து அதை நிரப்புங்கள்.

பள்ளிக்கு வேறு வழி

பள்ளியில் மாணவருக்குக் கடவுச்சொல் கொடுத்து உள்நுழையச் சொல்லும் எந்த ஏற்பாடும் வேண்டாம் என்பதே என் கருத்து. கைபேசிக்கு வகுப்பில் இடமில்லை, வீட்டில் இருப்பதும் பெரும்பாலும் அப்பாவின் கைபேசி. ஆனால் பிள்ளைகள் எழுதுவார்கள், கல்லூரி மாணவரைவிட ஆசையாகவே எழுதுவார்கள். நூலகப் பாடவேளையில் அஞ்சலட்டை அளவு அட்டைகளைக் கொடுங்கள். வாசித்த கதையைப் பற்றி இரண்டு வரியோ ஒரு படமோ போதும். ஆசிரியரோ மூத்த மாணவர்களோ அவற்றை நூலகக் கணினியில் தட்டச்சு செய்து பட்டியலில் ஏற்றலாம். பெயருக்குப் பதில் 'ஏழாம் வகுப்பு' என்று மட்டும் இருக்கட்டும். அந்தப் பட்டியல் பள்ளிக்குள் இருக்கும் கணினிகளில் மட்டும் திறந்தால் போதும். இணையம் அறுந்துபோகும் நாளிலும் அது வேலை செய்யும். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளியில் அங்குள்ள கணினிகளையே இதற்குப் பயன்படுத்தக் கேட்டுப் பாருங்கள்.

அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களையும் வாசிப்பு இயக்கப் புத்தகங்களையும் இந்தப் பட்டியலில் தவறாமல் ஏற்றுங்கள். மெல்லிய புத்தகம்தானே என்று பதிவேட்டில் சேர்க்காமல் விட்டால், பிள்ளைகள் உண்மையில் கையில் எடுக்கும் புத்தகத்துக்குக் கருத்து எழுத இடமே இருக்காது.

வாட்ஸ்அப்

இது வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. மாணவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். குழு தொடங்குவதை மட்டும் தவிருங்கள். குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும்; காலை வணக்கமும் தேர்தல் செய்தியும் வரத் தொடங்கினால் நூலகச் செய்தி அடியில் போய்விடும். அறிவிப்புக்குச் சேனல் போதும், அதில் பின்தொடர்பவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. கேள்விகளுக்கு, நூலகத்தின் பெயரில் வாங்கிய சிம்மும் வாட்ஸ்அப் பிசினஸும் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த எண்ணைக் கொடுத்தால் இரவு பதினொரு மணிக்கும் 'மேடம், நாளைக்கு லைப்ரரி உண்டா?' என்று வரும். பிசினஸ் செயலியில் வேலை நேரம் முடிந்தபின் தானாகப் பதில் போகும்படி அமைத்துவிடலாம்.

வரும் கேள்விகளை விட்டுவிடாதீர்கள். வாரம் ஒருமுறை, கேட்டவர் பெயரை நீக்கி, கேள்வியையும் பதிலையும் ஒரு விக்கியில் சேருங்கள். டோக்குவிக்கி இதற்கு ஏற்றது. தரவுத்தளம் தேவையில்லை, பக்கங்கள் வெறும் உரைக் கோப்புகளாகவே சேமிக்கப்படுவதால் பென் டிரைவில் நகல் எடுத்துவிடலாம். என்-லிஸ்ட்டில் வீட்டிலிருந்து நுழைவது எப்படி, பழைய வினாத்தாள் எங்கே, ஆய்வேட்டுக்கு மேற்கோள் பட்டியல் எப்படி அமைப்பது போன்ற கேள்விகளே திரும்பத் திரும்ப வரும். சில மாதங்களில் உங்கள் கல்லூரிக்கென்றே ஒரு கையேடு உருவாகியிருக்கும். அதைத் திருத்தும் உரிமையை ஆய்வு மாணவர்களுக்கும் கொடுங்கள்.

தமிழ்த் துறை உள்ள கல்லூரிக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களின் பக்கப் படமும், கணினி அதிலிருந்து எடுத்த உரையும் அருகருகே கிடைக்கும். படத்தைப் பார்த்து உரையைத் திருத்துவதுதான் பணி. ஓர் உட்காரலில் ஒரு மாணவர் இரண்டு மூன்று பக்கங்களை முடித்துவிடலாம். எழுத்துப்பிழையின் மீது கவனம் வரும், பழைய உரைநடை கண்ணுக்குப் பழகும், திருத்திய பக்கம் உலகெங்கும் உள்ள தமிழ் வாசகருக்குப் போய்ச் சேரும். இணையத்தில் மாணவர் பங்களிக்கக்கூடியவற்றில் இதைவிட உருப்படியான ஒன்றை நான் அறியேன்.

மூடப்படும் நாளுக்கான ஏற்பாடு

இலவச இணையச் சேவைகள் மூடப்படும். கூகுள் ரீடர் 2013இலும், ஏராளமான வகுப்பறைகள் நம்பியிருந்த விக்கிஸ்பேசஸ் 2018இலும், கூகுள் பிளஸ் 2019இலும், யாஹூ குரூப்ஸ் 2020இலும் போயின. எந்தச் சேவையில் சேருமுன்னும், இதிலுள்ளதை எல்லாம் ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அதில் மாணவர் எழுத்தைச் சேர்க்காதீர்கள். கோஹாவின் தரவுத்தளத்தைத் தினமும் தானாக நகலெடுக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை அந்த நகல் வேறொரு கட்டடத்துக்குப் போகட்டும். பருவத்துக்கு ஒருமுறை அந்த நகலை இன்னொரு கணினியில் ஏற்றி, உண்மையிலேயே திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பிப் பட்டியலையே இழந்த நூலகங்கள் உண்டு.

சேவை மூடப்படுவதைவிட அடிக்கடி நடப்பது நூலகரின் இடமாற்றம். சேனல், விக்கி, படிவம் எல்லாம் அவருடைய சொந்த ஜிமெயிலில் தொடங்கப்பட்டிருந்தால், புதிதாக வருபவர் பூட்டிய கதவின் முன் நிற்பார். எல்லாக் கணக்குகளையும் 'நூலகம்' என்று தொடங்கும் கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலேயே உருவாக்குங்கள். எந்தக் கணக்கு எங்கே, எந்தக் கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், நிறுவித் தந்தவர் யார், நகல் எங்கே இருக்கிறது, வாசகர் கருத்துக்கு ஒப்புதல் தருபவர் யார் ஆகிய விவரங்களை ஒரு தாளில் எழுதி, கடவுச்சொற்களை உறையிலிட்டு, முதல்வர் அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைப்புக் கோப்போடு வையுங்கள். ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும் வாரத்தில் அந்த உறையைப் பிரித்து, ஒவ்வொரு கடவுச்சொல்லும் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, புதிய தேதியோடு திரும்ப ஒட்டுங்கள்.